அச்சு திறக்குதில்லை: தூண்டில் ஈயம் வார்க்கிறவங்க ஒருக்கா பாருங்கோ

கடற்கரைத்_தூண்டில் (தெஹிவளை):
வணக்கம். என்னட்ட ரெண்டு அலுமினிய அச்சு இருக்கு. முதலாவது 90 கிராம், பேரிக்காய் வடிவம். தலையில பித்தளைக் கம்பி வளையம் வைச்சு ஊத்துறது, ஒரு ஊத்துக்கு ரெண்டு விழும். மேல ஊத்து வாயை வெட்டுற தகடும் இருக்கு. மற்றது 40 கிராம், ஒலிவ் காய் மாதிரி. நடுவால நூல் போற துளைக்கு 3 மில்லிமீற்றர் உருக்குக் கம்பி செருகிப்போட்டு ஊத்தோணும். ஈயம் டயர் கடையில வாங்கின பழைய சில்லு ஈயமும் (வாகனச் சில்லு ஆடாமல் இருக்க விளிம்பில பூட்டுறது), கிழிஞ்ச வலையில இருந்து கழட்டினதும். மண்ணெண்ணெய் அடுப்பு, இரும்புத் தாச்சி, இரும்பு அகப்பை. வெப்பமானி இல்லை.

பேரிக்காய் அச்சு திறக்குதில்லை. திறந்தாலும் ஈயம் ஒரு பாதியில ஒட்டிக்கொண்டு நிக்குது. ஸ்குரூ டிரைவரால நெம்பினதில விளிம்பில ஒரு பள்ளம் விழுந்திட்டுது. ஒலிவ் அச்சில ஈயம் விழுது, ஆனா கம்பி கழரவே கழராது. குறட்டால இழுத்தா கம்பிதான் வளையுது. எந்த இடத்தில தட்டோணும்? குப்பி விளக்குப் புகை பிடிச்சா சரிவருமா?

உருக்குச்சட்டி:
ரெண்டும் ரெண்டு வியாதி. கம்பியை முதல்ல பார்ப்பம், அது லேசு.

ஈயம் உறையும்போதே கன அளவில கிட்டத்தட்ட 3.5 வீதம் சுருங்கும், ஆற ஆற இன்னும் சுருங்கும். சுருங்கிற ஈயம் சுத்தியிருக்கிற சுவரை விட்டு விலகும், தனக்குள்ள இருக்கிறதை இறுக்கிப் பிடிக்கும். 327 பாகையில உறைஞ்ச ஈயம் கை தாங்கிற சூட்டுக்கு வரும்போது நீளத்தில 0.9 வீதமளவு குறையுது. உருக்குக் கம்பி அதில பாதிகூடக் குறையாது. 3 மில்லிமீற்றர் கம்பியில அந்த வித்தியாசம் மில்லிமீற்றரில நூறில் ஒன்றரைப் பங்கு. சின்னக் கணக்குத்தான், ஆனா பட்டறையில ஒரு முளையை அடிச்சு இறுக்கிறதே அந்த அளவிலதான்.

அதால கம்பியை ஆற விடாதேங்கோ. ஊத்து வாயில நிக்கிற ஈயம் முதல்ல கண்ணாடி மாதிரி மினுங்கும், பிறகு நடுவில குழி விழுந்து சட்டென்று மங்கும். மங்கினதில இருந்து 4, 5 செக்கன் எண்ணுங்கோ. அச்சு மூடினபடியே இருக்கட்டும். கம்பியைக் குறட்டால பிடிச்சு முதல்ல கால் சுற்று முறுக்கி, முறுக்கின கையோட நேரா இழுங்கோ. கம்பி வெளியில வந்த பிறகுதான் அச்சைத் திறக்கிறது. அச்சைத் திறந்து ஈயத்தை எடுத்து ஆறவைச்சா, அந்தக் கம்பி ஈயத்துக்குத்தான் சொந்தம்.

வளைஞ்ச கம்பியை எறிஞ்சிடுங்கோ, மினுக்கினாலும் உதவாது. புதுக் கம்பியை 600 நம்பர் சாண்ட் பேப்பரால நீளவாக்கில தேய்ச்சு, உள்ளுக்குப் போற நுனியை ஒரு மயிரிழை மெல்லிசாக்குங்கோ. சுத்தித் தேய்ச்சா விழுற கீறலெல்லாம் குறுக்க நிக்கும், ஈயம் அதைப் பிடிச்சுக்கொள்ளும். பிறகு 4பி பென்சிலால கறுப்பாகும் வரைக்கும் உரசுங்கோ. ஒவ்வொரு 10 ஊத்துக்கும் ஒருக்கா உரசினாப் போதும்.

கடற்கரைத்_தூண்டில்:
அப்ப பேரிக்காய் அச்சில ஈயம் சுவரை விட்டு விலகத்தானே வேணும்? ஏன் ஒட்டுது?

லேத்து_மேசை:
அங்கதான் விசயம். அலுமினியத்தின்ர மேல் தோல் ஒக்சைட். உருகின ஈயம் அதை நனைக்காது, சோல்டர் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கவே மாட்டாது. "ஒட்டுது" என்று சொல்றம், உண்மையில அது கொளுவி நிக்குது. எங்கேயோ ஒரு பிசிறு ஈயத்துக்குள்ள ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு இருக்கு.

எங்க என்று அச்சைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது, வார்த்த ஈயத்தைப் பாருங்கோ. கஷ்டப்பட்டு வந்த ஒரு காயை வெளிச்சத்தில சாய்ச்சுப் பிடிச்சால் மங்கின மேற்பரப்பில ஒரு இடத்தில மட்டும் பளபளத்த இழுவைக் கீறல் தெரியும். அதே காயை அச்சில திருப்பி வைச்சுப் பார்த்தா பிசிறு எந்த விளிம்பில என்று தெரிஞ்சிடும். அநேகமா மூன்று இடம்: ரெண்டு பாதியும் சந்திக்கிற விளிம்பு, வளையக் கம்பி படுக்கிற காடி, ஊத்து வாயின் அடிக்கழுத்து. உங்கட அச்சில இப்ப ஸ்குரூ டிரைவர் நாலாவது இடமொன்றும் உண்டாக்கியிருக்கு. அலுமினியத்தில பள்ளம் விழுந்தா பக்கத்தில மேடும் எழும்பும், அந்த மேடு குழிக்குள்ளயும் நீட்டிக்கொண்டிருக்கும்.

பள்ளத்தை நிரப்பத் தேவையில்லை, மேட்டை எடுத்தாப் போதும். சந்திக்கிற முகத்தில எழும்பினதை மெல்லிய சாணைக்கல்லைத் தட்டையா வைச்சு, கல் முகத்தில உரசத் தொடங்கும்வரை மட்டும் தேயுங்கோ. முழு முகத்தையும் சாண்ட் பேப்பரில போட்டுத் தேய்க்கிறவங்க இருக்காங்க, அது மடத்தனம். முகத்தில இருக்கிற மெல்லிய கீறல்கள் காற்றுப் போற வழி. அது அழிஞ்சா காற்று உள்ளுக்கு அடைபட்டு, காய் மூலை மழுங்கி வரும்.

குழிக்குள்ள நீட்டினதுக்கு இப்பிடிச் செய்யுங்கோ. ஒரு நல்ல காய் வார்க்கும்போது, ஊத்து வாய் உறைய முன்னம் காய்ஞ்ச, சூடாக்கின நீள ஸ்குரூ ஒன்றை வாய்க்குள்ள நிறுத்திப் பிடியுங்கோ (வெட்டுத் தகட்டைக் கழட்டிப்போட்டு). ஆறின பிறகு அந்தக் காயில வெள்ளைப் பற்பசை கொஞ்சம் பூசி, அச்சை லேசா மூடி, ஸ்குரூவைக் கையால முன்னுக்கும் பின்னுக்கும் திருப்புங்கோ. 20, 30 சுற்றுப் போதும். ஜெல் பற்பசை எடுக்காதேங்கோ. வளையத்துக்கான கம்பியைப் போடாமல் வார்த்த காய் வேணும், இல்லாட்டிச் சுத்தாது. பிறகு பாத்திரம் கழுவுற திரவமும் பழைய டூத் பிரஷும் போட்டு வெந்நீரில கழுவி, நல்லாக் காய வையுங்கோ.

முகத்துவாரம்_15:
தம்பி, லேத்து அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனா அதுக்கு முதல்ல உங்க ஊத்துற கையைப் பாருங்க. அச்சு திறக்காத கேஸ்ல பாதிக்கு மேல வாய் நிறைஞ்சு மேல வழிஞ்சதுதான். வழிஞ்ச ஈயம் ரெண்டு பாதிக்கும் மேலால பாலம் போட்டுடும். உள்ள காய் சும்மா ஆடிக்கிட்டு இருக்கும், மேல பாலம் பூட்டியிருக்கும். நீங்க போய் பிடியை இழுத்து என்ன பிரயோசனம்?

வாய்ல ஒரு பருப்பு அளவு மேடா நிண்டா போதும். சுருங்கும்போது காய் அந்த மேட்டுல இருந்துதான் ஈயம் குடிக்கும், அதனால ஒண்டும் இல்லாமலும் விடாதீங்க. தகடு தளர்வா இருந்தா அதுக்கு அடியாலயும் ஈயம் ஓடி, கடதாசி மாதிரி படிஞ்சுடும். தகட்டு ஸ்குரூ எப்பிடி இருக்கணும்னா, அச்சைச் சரிச்சா தகடு தன் பாரத்துல மெதுவா நகரணும், ஆனா மேல கீழ ஆடக் கூடாது.

இனித் தட்டுற கதை. அச்சுக் கட்டைல தட்டாதீங்க, தகட்டுலயும் தட்டாதீங்க. ரெண்டு பிடியும் சேர்ற பிணைச்சல் போல்ட் இருக்கே, அதுலதான். மரக்கட்டை ஒண்டு, விளக்குமாத்துப் பிடி ஒரு சாண் வெட்டினா சரி. பிடியை லேசாத் திறந்து வச்சுக்கிட்டு, டொக் டொக் டொக்னு சின்ன அடியா அஞ்சாறு. ஒரே போடாப் போடாதீங்க. அடியோட பலம் வேலை செய்யிறதில்ல, அதிர்வுதான் பிடி வழியா ஓடி காயை உலுக்கும். குழி கீழ பாத்து இருக்கணும், அடில நாலா மடிச்ச பழைய பருத்தித் துவாய். உயரம் நாலு விரல். அதுக்கு மேல இருந்து விழுந்தா சூட்டுல இருக்கிற காய் மூக்கு நசுங்கும். நைலோன், பொலியெஸ்டர் துணி வேணாம், உருகி காய்ல ஒட்டும்.

ஈர_மணல்:
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? குப்பி விளக்குல ரெண்டு பாதியையும் கறுப்பாக்கினா வழுக்கிக்கொண்டு விழும். காலங்காலமா செய்யிறதுதானே.

உருக்குச்சட்டி:
விழும், மறுக்கேல்லை. ஆனா கரி பிசிறை எடுக்காது, மூடி மறைக்கும். இருபது முப்பது ஊத்தில கரி தேய, பழைய பிரச்சினை திரும்பவும் வரும், நீங்கள் இன்னும் கரி பிடிப்பீங்கள். அது சூட்டை மறைக்கிற போர்வையும்கூட. ஈயம் மெதுவா உறையும், அதால மெல்லிய வளையக் கழுத்து நல்லா நிரம்பும். அந்தப் பிரயோசனம் உண்மை. தடிச்சுப் படிஞ்சா முகம் ரெண்டும் பொருந்தாது, விளிம்பில ஈயச் செதிள் வரும்.

பிடிக்கிறதென்றா குழிக்குள்ள மட்டும், உள்ளங்கைச் சூட்டில இருக்கிற அச்சில, மெல்லிய சாம்பல் நிறம் வரும்வரை. மண்ணெண்ணெய்ப் புகையில எண்ணெய்ப் பசை இருக்கு, மெழுகுதிரியும் அப்பிடித்தான். பசை சூட்டில ஆவியாகி, காயில சுருக்கம் சுருக்கமா அடையாளம் விடும். தீக்குச்சி, காஸ் லைட்டர் கொஞ்சம் சுத்தம்.

முகத்துவாரம்_15:
எண்ணெய்னு வந்ததால ஒண்டு சொல்றேன். போட் எஞ்சினுக்குப் போடுற டூ ஸ்ட்ரோக் ஒயில் வீட்டுல கிடக்கும். வெட்டுத் தகட்டோட அடிப்பக்கத்துக்கும் வழிகாட்டி முளைக்கும் அதைவிட நல்ல சாமான் இல்ல. பஞ்சுக் குச்சியை நனைச்சு, அதை இன்னொரு துணியில ஒத்தி எடுத்துட்டு, மிச்ச ஈரத்தால தடவுங்க. அச்சு சூடா இருக்கும்போது. சொட்டு விட்டா குழிக்குள்ள ஓடும், பிறகு 30 ஊத்துக்கு சுருக்கம்தான்.

கடற்கரைத்_தூண்டில்:
சுருக்கம் எனக்கு ஏற்கெனவே வருது. அச்சு குளிர் என்று நினைச்சன். எண்ணெயா சூடா என்று எப்பிடிப் பிரிச்சறியிறது? வெப்பமானி இல்லாமல் சூட்டை எப்பிடிப் பார்க்கிறது?

உருக்குச்சட்டி:
பத்துப் பதினைந்து ஊத்துக்குப் பிறகும் அதே இடத்தில சுருக்கம் நிண்டா எண்ணெய். தின்னர் போட்டுத் துடையுங்கோ, அடுப்புக்குக் கிட்ட வேண்டாம். ஊத்த ஊத்தக் குறைஞ்சுகொண்டு போனால் குளிர்.

அச்சின் சூட்டுக்கு ஊத்து வாய்தான் வெப்பமானி. 90 கிராம் காய்க்கு, ஊத்தி முடிச்சதில இருந்து வாய் மங்க 5 இலிருந்து 8 செக்கன் எடுத்தால் அச்சு நல்ல சூட்டில இருக்கு. 2 செக்கனில மங்கினால் குளிர். 15 செக்கனாகியும் மினுங்கிக்கொண்டு நிண்டால் மெத்தச் சூடு. இந்த நேரம் திறந்தால் ஈயம் உள்ளுக்கு இன்னும் பாதி கஞ்சி. காய் ரெண்டாப் பிளந்து ஆளுக்குப் பாதியா நிக்கும். "ஒரு பாதியில ஒட்டுது" என்று சொல்றதில இப்பிடியான கேசும் இருக்கு. உடைஞ்ச முகம் மினுக்கமில்லாமல் சீனிக்கட்டி மாதிரி இருந்தால் காரணம் அதுதான், பிசிறைத் தேடி மினக்கெட வேண்டாம்.

வாய் மங்கினதும் தகட்டை அடிக்காதேங்கோ. 90 கிராமுக்கு இன்னொரு 10 செக்கன் பொறுங்கோ. முந்தினால் மெத்தென்ற ஈயத்தைத் தகடு அச்சு மேல வெண்ணெய் மாதிரித் தடவும், பிந்தினால் சுத்தியலால அடிச்சாலும் வெட்டாது. தடிச்ச தோல் உறை போட்ட கையால தள்ள, நறுக்கென்று அறுபடுற ஒரு நேரம் இருக்கு. அது பிடிபட்டா அச்சு திறக்கிற பிரச்சினையில பாதி முடிஞ்சுது. கை தள்ளி அறுபடாட்டி மரச் சுத்தியல்.

தொடங்கும்போது அச்சைத் தாச்சி விளிம்பில 10 நிமிசம் சாய்ச்சு வையுங்கோ. அலுமினியமென்றபடியால் ஒரு மூலையை உருகின ஈயத்தில தோய்ச்சும் சூடாக்கலாம். தூக்கும்போது ஈயம் ஒட்டாமல் சுத்தமா வழிஞ்சு விழுந்தால் ஊத்தத் தொடங்கலாம். காய்ஞ்ச அச்சென்று நூறு வீதம் தெரிஞ்சால் மட்டும்.

சட்டியின் சூட்டுக்கு, கொழும்பில பழைய சோனகர் தெருப் பக்கம் வெப்ப உணரி வயரோட வர்ற சாதாரண டிஜிட்டல் மல்ரிமீற்றர் எடுக்கலாம். கே வகை உணரி என்று கேளுங்கோ. 380 இலிருந்து 420 பாகைக்குள்ள வைச்சிருங்கோ. மண்ணெண்ணெய் அடுப்பில திரியை ஏத்திவிட்டு மறந்தால் 500ஐத் தாண்டும், அங்க இருந்து ஈய ஆவியும் கூடும், கசடும் கூடும், காற்று வழிக் கீறலுக்குள்ளயும் ஈயம் புகுந்து மீசை மாதிரி வரும். அந்த மீசையும் காயைப் பிடிக்கும்.

லேத்து_மேசை:
சில்லு ஈயம் பற்றி. இப்ப வர்றதில நாகமும் (சிங்க், துத்தநாகம்) இரும்பும் கலந்து கிடக்கு. ஒவ்வொன்றையும் வெட்டுக்குறட்டால கடிச்சுப் பாருங்கோ. ஈயத்தில குறடு இறங்கும், நாகத்தில வழுக்கும். நாகம் உருகிறது 419 பாகையில. சட்டி 380ஐத் தாண்ட முன்னம் மேல மிதக்கிற எல்லாத்தையும் அள்ளினால் தப்பீட்டீங்கள். கலந்திட்டால் ஈயம் ஓட்ஸ் கஞ்சி மாதிரித் திரளும், வளையக் கழுத்து நிரம்பாது, வீட்டில அதைப் பிரிக்கிறது வில்லங்கம். இதே காரணத்துக்குத்தான் நாகம் பூசின வாளி, ஜீ.ஐ. சட்டி ஒன்றிலயும் உருக்கக் கூடாது. அலுமினியச் சட்டி அதைவிட மோசம், சூட்டில அடி நெகிழ்ந்து முழுசும் காலில ஊத்தும்.

சில்லு ஈயத்தில அன்ரிமனி என்கிற, ஈயத்தைக் கடினமாக்கிற உலோகம் சில வீதம் இருக்கும். அதால காய் கடினம், சுருக்கம் குறைவு, தகடு வெட்டுற நேரத்தில ஈயம் கிழியாது. வலை ஈயம் மெத்தென்ற ஈயம். ரெண்டையும் சரிபாதி கலந்தால் தூண்டில் காய்க்குத் திறம். நூலில பல்லுக்குறட்டால நசுக்கிப் பூட்டுற பிளவு ஈயத்துக்கு மட்டும் மெத்தென்றதைத் தனியா வையுங்கோ, அன்ரிமனி கலந்தால் நசுக்கும்போது வெடிக்கும். 90 என்று போட்ட அச்சில 87, 88 கிராம் வந்தால் பயப்படாதேங்கோ. சுத்த ஈயம் ஒரு கன சென்ரிமீற்றர் 11.34 கிராம், கலவை அதைவிட லேசு.

முகத்துவாரம்_15:
வலை ஈயம்னு சொன்னீங்க, அதுதான் எனக்குப் பயம். உப்புத் தண்ணி அதோட துளைல, மடிப்புல, கயித்துத் துண்டுல நிக்கும். வெளிய காஞ்ச மாதிரித் தெரியும். உருகின ஈயத்துக்குள்ள அதைப் போட்டா தண்ணி ஒரே கணத்துல ஆவியாகி 1,700 மடங்கு பெருத்து, சட்டில உள்ளதை முகத்துக்கு அடிக்கும். வலை ஈயத்தை எப்பவும் வெறும் சட்டில, அடுப்பு பத்த வைக்க முன்னமே போடுங்க. இடைல சேக்கணும்னா அடுப்பை அணைச்சு, ஈயம் உறைஞ்ச பிறகு மேல அடுக்கி, மறுபடி பத்த வைங்க. அகப்பையும் அப்பிடித்தான். மழைக் காலத்துல இரும்புல ஈரம் வேர்க்கும், முதல்ல அடுப்பு விளிம்புல சுட வச்சுட்டு இறக்குங்க. கழுவின அச்சை அடுப்புப் பக்கத்துல ஒரு மணித்தியாலமாவது வைக்கணும், முளைத் துளைக்குள்ள தண்ணி ஒளிஞ்சிருக்கும்.

ஈர_மணல்:
அச்சு சூடேறினா ஈரத் துணில ஒத்தி எடுக்கலாமே? வீடியோவில செய்யிறாங்க.

உருக்குச்சட்டி:
செய்யிறாங்கள். சட்டியிலிருந்து ரெண்டு கையையும் விரிச்ச தூரத்தில ஈரத் துணி இருக்கிற மேசையை நான் சிபாரிசு செய்யமாட்டன். தடிச்ச அலுமினியத் தகடொன்றில அச்சின் அடியை 10 செக்கன் வையுங்கோ, அதே வேலை நடக்கும். இல்லாட்டி ஒரே அச்சில ஓடாமல் ரெண்டையும் மாறி மாறி ஊத்துங்கோ.

மட்டுறுத்துனர்:
இந்த இழை தூண்டில், வலை ஈயத்துக்கு மட்டும். பற்றறித் தட்டு உருக்கிறது பற்றி வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். அதில அமிலம், ஈயத் தூசு. கல்சியம் கலந்த தட்டின் கசடில ஈரம் பட்டால் ஆர்சின், ஸ்டிபின் என்கிற நச்சு வாயுக்கள். அதை வீட்டில செய்ய வேண்டாம். மாடி வீட்டு பல்கனியும் ஈயம் உருக்கிற இடம் இல்லை. கசடுத் தூளைக் கூட்ட வேண்டாம், ஈரத் துணியால துடைத்து மூடியுள்ள தகரத்தில போடுங்கள் (வேலை முடிந்து எல்லாம் ஆறிய பிறகு). பிள்ளைகள், கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டில வேலை உடுப்பைத் தனியாகத் தோய்க்கவும். சவர்க்காரம் போட்டுக் கை கழுவும்வரை பீடி, தேத்தண்ணி ஒன்றும் வேண்டாம்.

கடற்கரைத்_தூண்டில்:
கம்பி முறை வேலை செய்யுது, 12இல் 12ம் கழன்றுது. பேரிக்காயில ஒரு குழி சுத்தமா விழுது, மற்றதில சந்திப்பு விளிம்பால மெல்லிய செதிள் வருது. பிடியை எவ்வளவு இறுக்கினாலும் குறையேல்லை.

லேத்து_மேசை:
இறுக்காதேங்கோ, பிடி வளையும். வெறும் அச்சை மூடி பல்ப்புக்கு முன்னால பிடியுங்கோ. வெளிச்சம் எந்தப் பக்கத்தால வருது? ஒரு முனையால மட்டுமென்றால் அங்க முகத்தில ஈயப் பொட்டு ஒட்டியிருக்கும். கத்தியால சுரண்டாமல், அச்சை ஊத்துற சூட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ்கிறீம் குச்சியால உரசுங்கோ, உருண்டு வந்திடும். முழு நீளத்துக்கும் வெளிச்சம் வந்தால் வளையக் கம்பி காடியைவிடத் தடிப்பு. ரெண்டு குழிக் காடியையும் அளந்து பாருங்கோ, ஒன்று ஆழம் குறைவா இருக்கும். 1.6 மில்லிமீற்றர் கம்பிக்குப் பதிலா அந்தக் குழிக்கு 1.4 போட்டுப் பாருங்கோ.

கடற்கரைத்_தூண்டில்:
பல்ப்பில பார்த்தன். கம்பி இல்லாமல் வெளிச்சம் இல்லை, கம்பி வைச்சால் முழு நீளத்துக்கும் வருது. 1.4 எடுக்கோணும். கடைசியா, வைகாசி வந்தால் கடல் கொந்தளிப்பு, புரட்டாதி வரைக்கும் வார்க்கிற வேலை இல்லை. அச்சை எப்பிடி வைக்கிறது?

முகத்துவாரம்_15:
இரும்பு அச்சுன்னா கடைசி ஊத்துக் காயை உள்ளயே விட்டு வைப்பாங்க, குழி துருப்பிடிக்காது. உங்களது அலுமினியம், அது தேவையில்ல. ஆனா போல்ட், முளை, தகடு எல்லாம் இரும்பு, உப்புக் காத்து அதைத்தான் தின்னும். அதுக்கு மட்டும் ஒயில் தடவி, பாதி ரெண்டுக்கும் நடுவுல ஒரு கடதாசி வச்சு, பிஸ்கட் தகரத்துல போட்டு மூடுங்க. எடுக்கும்போது தின்னரால துடைச்சுட்டு ஊத்துங்க, மறந்துடாதீங்க.